ஆற்றில் 500 கட்டை விட்ட டெய்லர்

நதிமூலமும் ரிஷிமூலமும் பார்க்கக் கூடாது என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். 19ஆம் நூற்றாண்டு வெள்ளைக்காரர்களுக்கு இதைச் சொல்ல ஆள் இல்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டார்கள். எந்த ஆற்றைப் பார்த்தாலும் அது எங்கே புறப்படுகிறது என்று கண்டுபிடித்தாக வேண்டும் அவர்களுக்கு. கங்கையைத் தேடி ஹாட்ஜ்சன், ஹெர்பர்ட் என்ற இருவர் 1817ல் கோமுகம் வரை போனார்கள். நைல் நதியைத் தேடி பர்ட்டனும் ஸ்பீக்கும் 1857ல் ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்தார்கள். போகும்போது நண்பர்கள், திரும்பி வரும்போது பகையாளிகள். அதைத் தனியாகவே எழுதலாம்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது இங்கே வழக்கமாக வருபவர்களுக்குத் தெரியும். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த ஆறு மீகாங். 1866ல் சைகோனிலிருந்து புறப்பட்ட துதார் தெ லக்ரே, பிரான்சிஸ் கார்னியே என்ற பெயர்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இரண்டு வருஷம் அந்த ஆற்றோடு மல்லுக்கட்டினார்கள். லக்ரே 1868ல் யுன்னானில் நோய்வாய்ப்பட்டு இறந்தார். ஆற்றின் மூலத்தை அவர்கள் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. இருந்தாலும் பாடப் புத்தகத்தில் படத்தோடு வந்துவிட்டார்கள். இந்தியாவின் பெரிய நதிகளில் ஒன்றான பிரம்மபுத்திராவின் மேற்பாதி எது என்ற கேள்விக்காக நான்கு வருஷம் அலைந்து, நடுவே அடிமையாகவும் விற்கப்பட்ட ஒருவரைப் பற்றி நான் படித்த எந்தப் பாடத்திலும் ஒரு வரி இல்லை. அவர் பெயர் கிந்துப். டார்ஜிலிங்கில் இருந்த சிக்கிம்காரர். தொழில் தையல். படிக்கவோ எழுதவோ தெரியாது.

முதலில் பிரச்சினை என்ன என்று சொல்லிவிடுகிறேன். திபெத்தில் சாங்போ என்று ஒரு பெரிய ஆறு. கைலாயப் பகுதியில் புறப்பட்டு, இமயமலைக்கு வடக்கே, மேற்கிலிருந்து கிழக்காக நூற்றுக்கணக்கான மைல் ஓடுகிறது. ஓடி, கிழக்குக் கோடியில் ஒரு மலைச்சந்துக்குள் நுழைந்து காணாமல் போய்விடுகிறது. இந்தப் பக்கம் அசாமில் டிகாங், லோகித், சுபன்சிரி என்று பல ஆறுகள் மலையிலிருந்து இறங்கி பிரம்மபுத்திராவில் கலக்கின்றன. அந்தப் பக்கம் நுழைந்த ஆறு இந்தப் பக்கம் எதுவாக வெளியே வருகிறது? நடுவில் இருந்த நிலத்தை அளந்தவர் யாரும் இல்லை. அங்கே வசித்த மலைவாசிகளும் வெளியாளை உள்ளே விடுவதில்லை.

டான்வில் என்ற பிரெஞ்சுக்காரர் பாரிஸில் உட்கார்ந்துகொண்டே 1737ல் வெளியிட்ட மேப்பில், சாங்போ பர்மாவுக்குப் போய் ஐராவதி ஆகிறது என்று காட்டினார். பிரெஞ்சு மேப் என்றால் அந்தக் காலத்தில் அதற்கு ஒரு மரியாதை. நம் வங்காளத்தை அளந்த ரென்னல், 1765ல் பிரம்மபுத்திராவில் அசாம் எல்லை வரை போய்ப் பார்த்துவிட்டு, இல்லை, சாங்போதான் பிரம்மபுத்திரா என்றார். வில்காக்ஸ் என்ற ராணுவ அதிகாரி 1827ல் பர்மா மலைகளைத் தாண்டிப் போய் ஐராவதியின் மேற்பகுதியைப் பார்த்தார். அங்கே அது சின்ன ஆறு. திபெத்தில் அவ்வளவு பெரிதாக ஓடுகிற ஆறு இதுவாக இருக்க முடியாது என்றார். இதற்குப் பிறகும் விவாதம் ஓயவில்லை. 1880களில்கூட பர்மாவில் இருந்த கார்டன் என்ற பொதுப்பணித் துறை எஞ்சினியர் ஐராவதிக் கட்சியை விடாமல் பேசிக்கொண்டிருந்தார். ஒரு பைலில் இரண்டு பேர் எதிரெதிராக நோட் எழுதிவிட்டால் அது எத்தனை வருஷம் நகராது என்பது அலுவலகத்தில் காலம் தள்ளியவர்களுக்குத் தெரியும்.

இன்னொரு ஆசையும் இதில் சேர்ந்துகொண்டது. மலைச்சந்துக்குள் நுழையும் இடத்தில் ஆறு கடல்மட்டத்திலிருந்து 9,000 அடிக்கு மேல் இருக்கிறது. அசாமில் வெளியே வரும்போது சுமார் 500 அடி. நடுவில் இருக்கிற தூரமோ கொஞ்சம்தான். அப்படியானால் நயாகராவைத் தூக்கிச் சாப்பிடுகிற ஒரு அருவி உள்ளே இருக்க வேண்டும் என்று லண்டனில் கணக்குப் போட்டார்கள்.

திபெத்துக்குள் வெள்ளைக்காரனுக்கு அனுமதி கிடையாது. அதனால் சர்வே இலாகா நம் ஆட்களை யாத்ரீகர், வியாபாரி என்று வேஷம் போட்டு அனுப்பியது. இவர்களுக்குப் 'பண்டிட்' என்று பெயர். முதலில் புகழ்பெற்றவர் குமாவுன் மலைநாட்டுப் பள்ளி ஆசிரியர் நைன் சிங். ஒரே அளவில் காலடி வைத்து நடக்கப் பழக்கினார்கள். 2,000 அடிவைப்பு ஒரு மைல். ஜபமாலையில் 108 மணிக்குப் பதில் 100 மணி. நூறு அடிவைப்புக்கு ஒரு மணி தள்ள வேண்டும். மாலை ஒரு சுற்று முடிந்தால் 5 மைல். பிரார்த்தனைச் சக்கரத்துக்குள் மந்திரம் எழுதிய தாளுக்குப் பதில் அளவுக் குறிப்பு இருக்கும். கைத்தடிக்குள் தெர்மாமீட்டர். நைன் சிங்குக்கு 1877ல் லண்டன் ராயல் ஜியாக்ரபிகல் சொசைட்டி தங்கப் பதக்கம் கொடுத்தது. அரசாங்கமும் நிலம் மானியம் கொடுத்தது. ஆகவே கொடுக்க மனமில்லாத அரசாங்கம் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. ஆனால் நைன் சிங் எழுதத் தெரிந்தவர், கருவி பிடிக்கத் தெரிந்தவர். அவர் கொண்டுவந்தது குறிப்பேடு.

கிந்துப் முதலில் 1878ல் நேம் சிங் என்ற சர்வே ஆளுக்கு உதவியாளாக, சாங்போ வழியே மலைச்சந்தின் வாயில் இருக்கும் கியாலா வரை போய் வந்தார். அதற்கு மேல் பாதை இல்லை. டார்ஜிலிங்கில் சர்வே பொறுப்பில் இருந்த கேப்டன் ஹார்மன் 1880ல் புதிய யோசனை ஒன்று செய்தார். சந்துக்குள் முழுவதும் நடக்க முடியாவிட்டால், எவ்வளவு கீழே போக முடியுமோ அங்கே போய் அடையாளம் வைத்த மரக்கட்டைகளை நாளுக்கு இத்தனை என்று ஆற்றில் விட வேண்டும். அசாமில் டிகாங் ஆறு வெளியே வரும் இடத்தில் ஆட்கள் காவல் இருப்பார்கள். கட்டை வந்தால் இரண்டும் ஒரே ஆறு.

மேலே போட்டது கீழே வரும் என்பதை நம் திருப்பூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இங்கே சாயப்பட்டறையில் இன்று என்ன கலர் ஓடியது என்று ஒரத்துப்பாளையத்து விவசாயி சொல்லிவிடுவார் என்று ஒரு காலத்தில் பேசிக்கொண்டோம். ஹார்மன் யோசித்ததும் அந்த முறைதான்.

இந்த வேலைக்கு எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு சீன லாமாவைப் பிடித்தார்கள். அவர் தலைவர். கிந்துப் அவருக்கு வேலைக்காரர் என்று வேஷம். 1880 ஆகஸ்டில் இருவரும் டார்ஜிலிங்கை விட்டுப் புறப்பட்டார்கள். அந்த லாமாவைத் தேர்ந்தெடுத்தவர் யாரோ, அவர் மேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு. வழியில் ஓர் ஊரில் தங்கிய வீட்டுக்காரரின் மனைவியிடம் மனதைப் பறிகொடுத்து நான்கு மாதம் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். விஷயம் வெளியே வந்ததும் கிந்துப்தான் 25 ரூபாய் நஷ்டஈடு கட்டி அவரை மீட்டுக்கொண்டு போனார். 1881 மே மாதம் தொங்க்யுக் என்ற இடத்துக் கோட்டைக்கு வந்தார்கள். இரண்டு மூன்று நாளில் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு லாமா போனார். வரவே இல்லை. கிந்துப்பை அந்தக் கோட்டை அதிகாரிக்கு அடிமையாக விற்றுவிட்டு, சர்க்கார் சாமான்களையும் எடுத்துக்கொண்டு ஊரைப் பார்க்கப் போய்விட்டார்.

பத்து மாதம் அங்கே அடிமை வேலை. 1882 மார்ச்சில் கிந்துப் தப்பி ஓடினார். இந்த இடத்தில் நீங்களும் நானும் என்ன செய்திருப்போம் என்று யோசித்துப் பாருங்கள். தலைவன் ஓடிவிட்டான், கருவிகள் போய்விட்டன, கேட்பார் யாரும் இல்லை. மேற்கே திரும்பினால் வீட்டுக்கு வழி தெரியும். அந்த மனிதர் ஆற்றின் கீழ்த்திசையில் ஓடினார், வேலையை முடிப்பதற்காக. பெமாகோ என்ற காட்டுப் பகுதியில் மார்புங் மடத்தை அடைந்தபோது பழைய எஜமானின் ஆட்கள் தேடி வந்துவிட்டார்கள். மடத்துத் தலைமை லாமாவின் காலில் விழுந்தார். அவர் 50 ரூபாய் கொடுத்து கிந்துப்பை வாங்கிக்கொண்டார். நல்லவர்தான். ஆனாலும் விலை கொடுத்து வாங்கியவர். ஆக, எஜமான் மாறினார். அடிமை நிலை மாறவில்லை.

நாலரை மாதம் உழைத்தபின், புண்ணிய ஸ்தலத்துக்குப் போய்வர ஒரு மாதம் விடுமுறை கேட்டார். கிடைத்தது. ஆற்றோரம் இறங்கிப் போய், ஒரு அடி நீளத்தில் 500 கட்டைகளைத் தனி ஆளாக வெட்டி, கண்ணில் படாத ஒரு குகையில் அடுக்கி மறைத்தார். திரும்பி மடத்துக்கு வந்து வேலையைத் தொடர்ந்தார். உடனே ஏன் ஆற்றில் விடவில்லை என்று கேட்கலாம். என்றைக்கு விடப்போகிறோம் என்று அசாமில் இருப்பவர்களுக்குத் தெரிந்தால்தானே காவல் இருப்பார்கள்? இரண்டு வருஷம் தாமதமாகிவிட்டது. பழைய காவலாளிகள் எப்போதோ கலைந்திருப்பார்கள்.

இரண்டு மாதம் கழித்து மறுபடியும் யாத்திரை விடுமுறை. இந்த முறை லாசா வரை நடந்தார். அங்கே சிக்கிம்காரர் ஒருவரைப் பிடித்துக் கடிதம் எழுதச் சொன்னார். அந்தச் சிக்கிம்காரரின் மனைவி டார்ஜிலிங் போகவிருந்தார், அவர் கையில் கொடுத்தனுப்பினார். நேம் சிங்குக்கு எழுதிய கடிதம் அது. லாமா தன்னை விற்றுவிட்டு ஓடியதை இரண்டே வரியில் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறார். கட்டைகள் 500 தயார், திபெத்தியப் பத்தாம் மாதம் 5ஆம் தேதியிலிருந்து நாளுக்கு 50 வீதம் விடுவேன். வருஷம் நீர்-ஆடு வருஷம். நம் பிரபவ, விபவ போல அவர்களுக்கும் 60 வருஷச் சுற்று உண்டு. அது 1883, நமக்கு சுபானு. சம்பளப் பாக்கி பற்றி அந்தக் கடிதத்தில் ஒரு வார்த்தை கிடையாது.

கடிதம் அனுப்பிவிட்டு மார்புங் மடத்துக்கே திரும்பி வந்தார். லாசாவிலிருந்து நேராக வீட்டுக்குப் போயிருக்கலாம். கட்டைகள் குகையில் இருந்தனவே! மேலும் ஒன்பது மாதம் மடத்தில் உழைத்தார். இவருடைய பக்தியைப் பார்த்துத் தலைமை லாமாவே விடுதலை கொடுத்துவிட்டார். சொன்ன தேதியில் ஆற்றங்கரைக்குப் போய், நாளுக்கு 50 கட்டை, பத்து நாள், 500ஐயும் விட்டார்.

கீழே யாரும் இல்லை. ஹார்மன் உடல்நலம் கெட்டு எப்போதோ இந்தியாவை விட்டுப் போய்விட்டார். கடிதம் உரிய கைக்கு உரிய காலத்தில் சேரவில்லை. கட்டைகள் டிகாங் வழியாக பிரம்மபுத்திராவில் சேர்ந்து, அசாமையும் வங்காளத்தையும் கடந்து போயின. எத்தனையோ கட்டை கடலுக்குப் போயிருக்கும். சிலவற்றைக் கரையோரத்துப் பெண்கள் விறகுக்கு எடுத்துப் போயிருப்பார்கள்.

கிந்துப் ஆற்றோடு அசாமுக்கே இறங்கிவிடலாம் என்றும் முயன்றார். அபோர் என்று அன்று அழைக்கப்பட்ட மலைவாசிகளின் ஊர்கள் வழியே, ஆங்கிலேய எல்லைக்கு 35, 40 மைல் தூரம் வரை வந்துவிட்டார். அதற்கு மேல் போக முடியவில்லை. வந்த வழியே திரும்பி, லாசாவைச் சுற்றிக்கொண்டு, 1884 நவம்பரில் டார்ஜிலிங் வந்து சேர்ந்தார். போய் நான்கு வருஷம் மூன்று மாதம் ஆகியிருந்தது.

இனிமேல் வருவது ஒரு குமாஸ்தாவாக என்னை மிகவும் உறுத்துகிற பகுதி. கிந்துப் சொன்னதை எழுதிக்கொள்ளவே 1886 ஆகிவிட்டது. அவர் நினைவிலிருந்து சொல்லச் சொல்ல உக்யென் கியாத்சோ என்ற லாமா எழுதினார். அதை இன்னொருவர் ஆங்கிலத்தில் மாற்றினார். 1889ல் சர்வே இலாகா அச்சிட்டது. ஊர்ப் பெயர், ஊருக்கு ஊர் தூரம், வீடுகளின் எண்ணிக்கை என்று அத்தனையும் ஒரு படிக்காத மனிதரின் தலைக்குள் இருந்து வந்தவை. இரண்டு கை மாறி, ஒரு மொழி மாறி வந்ததில், பெமாகோசுங் என்ற இடத்தில் சாங்போ 150 அடி உயரத்திலிருந்து விழுகிறது என்று ஒரு வரி அச்சாகிவிட்டது. லண்டன்காரர்கள் எதிர்பார்த்த அருவி! சிலர் அந்த ஒரு வரியை மட்டும் பிடித்துக்கொண்டு குதித்தார்கள். வேறு சிலருக்கு அந்த வரியே சந்தேகம். கருவியும் இல்லை, எழுத்தும் இல்லை, ஒரு தையல்காரர் சொன்னதை எப்படி நம்புவது என்று மற்ற எல்லாவற்றையும் சேர்த்தே ஒதுக்கினார்கள். வாக்குமூலம் கொடுத்தவருக்குத் தன் வாக்குமூலத்தைப் படித்துப் பார்க்கத் தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம். எழுதியதை அவருக்கு உரக்கப் படித்துக் காட்டிச் சரிபார்த்திருந்தால் அப்போதே தீர்ந்திருக்கும்.

கிந்துப் மறுபடி தையல் மெஷினோ ஊசியோ, தன் பிழைப்பைப் பார்க்கப் போனார். நடுவில் வாடெல் என்ற ராணுவ டாக்டர் மலைப் பயணங்களுக்கு அவரைத் துணைக்கு அழைத்துப் போய், 1899ல் வெளிவந்த தன் புத்தகத்தில் அவரைப் பற்றி எழுதினார். அவ்வளவுதான்.

1913ல் பெய்லி, மோர்ஸ்ஹெட் என்ற இரண்டு அதிகாரிகள் அசாம் பக்கமிருந்து மலையேறி சாங்போ சந்துக்குள் போனார்கள். அதற்கு முந்தைய வருஷங்களில் அபோர் நாட்டுக்குள் ராணுவம் நுழைந்திருந்ததால் வழி கொஞ்சம் திறந்திருந்தது. போன இடமெல்லாம் கிந்துப்பின் அறிக்கையோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஊர்கள் அவர் சொன்ன வரிசையில் இருந்தன. சாங்போதான் டிகாங், டிகாங்தான் பிரம்மபுத்திரா. பெமாகோசுங்கில் மட்டும் அருவி சுமார் 30 அடிதான். அப்படியானால் 150 அடி? அது கியாலாவில் இருந்தது. ஆறு அல்ல, எதிர்க்கரைப் பாறையிலிருந்து விழுகிற ஒரு சின்ன ஓடை. அதன் பின்னால் ஒரு தெய்வ உருவம். நம் எமதர்மராஜனின் திபெத்திய வடிவம். யாத்ரீகர்கள் கும்பிடுகிற இடம். எழுதியவர்கள் இரண்டு அருவிகளையும் ஒன்றாக்கிவிட்டார்கள். (அந்தச் சந்தில் யாரும் நடக்காத ஒரு துண்டு மிச்சம் இருந்தது. அங்கே 100 அடிக்கு மேல் ஒரு அருவி இருப்பதை 1998ல் அமெரிக்கர்கள் சிலர் போய்ப் பார்த்தார்கள். அது வேறு கதை.)

திரும்பி வந்த பெய்லி செய்த காரியத்துக்காக அவரை நான் மதிக்கிறேன். கிந்துப் உயிரோடு இருக்கிறாரா என்று விசாரித்தார். டார்ஜிலிங்கில் தைத்துக்கொண்டிருந்தார். சிம்லாவுக்கு வரவழைத்து உட்கார வைத்துப் பேசினார். நான் 150 அடி என்று ஆற்றைச் சொல்லவே இல்லையே என்றார் கிழவர். முப்பது வருஷத்துக்குப் பிறகும் ஒவ்வொரு இடத்தையும் தெளிவாக நினைவில் வைத்திருந்தார்.

பெய்லி அவருக்கு ஒரு சிறிய பென்ஷன் கேட்டு அரசாங்கத்துக்கு எழுதினார். மறுத்துவிட்டார்கள். தொகை பெரிது என்பதால் இல்லை. ஒரு தடவை பென்ஷன் என்று உத்தரவு போட்டால் அது எதுவரை போகும் என்று தெரியாது. ஆள் 90 வயது வரை இருந்துவிட்டால்? இந்த வாதத்தை எழுதிய கையை நான் பார்த்ததில்லை, ஆனால் அந்த எழுத்து எனக்குப் பழக்கம். முடிவில்லாத செலவினம் என்றால் நிதிப் பிரிவுக்கு உதறல் எடுக்கும். மொத்தமாக ஒரு தொகை என்றால் உடனே கையெழுத்து விழும். நாம் பென்ஷனைக் கம்யூட் செய்து வாங்கினால்கூட 15 வருஷம் பிடித்துவிட்டுத்தான் முழுப் பென்ஷனைத் திருப்பித் தருகிறார்கள். அங்கேயும் இப்படி ஒரு ஆயுள் கணக்கு உண்டு.

நைல் தேடலில் ஸ்பீக்குக்கு வழித்துணையாகப் போன சிதி முபாரக் பம்பாய் என்ற ஆப்பிரிக்கரை இங்கே நினைத்துக்கொள்கிறேன். சிறுவயதில் பிடித்துப் போய்த் துணிக்கு விற்கப்பட்டு, குஜராத்தில் அடிமையாக வளர்ந்தவர். எஜமான் இறந்ததும் விடுதலை பெற்று ஆப்பிரிக்கா திரும்பினார். வெள்ளைக்காரர்களோடு அவர் பேசியது இந்துஸ்தானியில்! அவருக்கு 1876ல் லண்டன் சொசைட்டி பென்ஷன் கொடுத்தது. அவருக்குக் கொடுக்க முடிந்தது கிந்துப்புக்கு முடியவில்லை.

கடைசியில் பெய்லி விடாமல் கேட்டதற்கு 1,000 ரூபாய் கொடுத்தார்கள். புறப்பட்ட நாளிலிருந்து கணக்குப் போட்டால் வருஷத்துக்குச் சுமார் 30 ரூபாய். அவரை மடத்துக்கு விலைக்கு வாங்கிய லாமா கொடுத்தது 50. பணத்தை வாங்கிக்கொண்டு கிந்துப் டார்ஜிலிங் திரும்பினார். சில மாதங்களில் இறந்துபோனார்.